பக்கத்தில் தூங்குபவர் விழிக்காமல் அதிகாலையில் எழுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை. காலை 6 மணி ஷிஃப்ட் என்றால் கம்பெனி பஸ் ஐந்து மணிக்கு முன்பே தாம்பரத்தில் வந்து நிற்கும். பஸ்ஸில் பாதிப் பேர் தூங்குவார்கள். மீதிப் பேர் அன்று வீட்டில் வாங்கிய திட்டைப் பற்றிப் பேசிக்கொண்டு வருவார்கள். "உனக்கு ஷிஃப்ட்னா எனக்கும் ஷிஃப்ட்டா?" என்பதுதான் பெரும்பாலும் அந்தத் திட்டு. இந்த விஷயத்தில் ஒரே மாதிரியான சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வந்ததால், படித்ததையும் செய்து பார்த்ததையும் சேர்த்து எழுதி வைத்துவிட்டேன். பஸ்காரர்கள் மட்டுமல்ல, விடியும் முன் எழுந்து அடுப்பு பற்றவைக்கும் அக்கம்பக்கத்துப் பெண்கள் கேட்டதும் இதில் இருக்கிறது. கேள்விகள் அவரவர் கேட்ட மாதிரியே.

அலாரம் இல்லாம என்னால எழுந்திரிக்க முடியாது. அலாரம் வச்சா அவங்க முழிச்சிடறாங்க. வேற வழி இருக்கா?

இருக்கிறது. சத்தத்துக்குப் பதில் அதிர்வு. கையில் கட்டும் ஃபிட்னஸ் பேண்ட், ஸ்மார்ட் வாட்ச் ஏறக்குறைய எல்லாவற்றிலும் அதிர்வு அலாரம் உண்டு. விலை குறைந்த பேண்டே இதற்குப் போதும், ஈசிஜி எல்லாம் காட்டும் பெரிய வாட்ச் தேவையில்லை. பகலில் கட்டுவதைவிட ஒரு துளை இறுக்கிக் கட்டுங்கள். தொளதொளவென்று இருந்தால் அதிர்வு தோலில் ஏறாது. துணை எந்தப் பக்கம் படுக்கிறாரோ அதற்கு எதிர்ப்பக்கக் கையில் கட்டுவது நல்லது.

சார்ஜ் ஏற்றுவதை சாயங்காலம் குளிக்கும் நேரத்தில் முடித்துவிடுங்கள். ஆப்பிள் வாட்ச் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: சைலன்ட் மோடில் அது மணிக்கட்டில் தட்டி மட்டும்தான் எழுப்பும். ஆனால் சார்ஜரில் வைத்துவிட்டுப் படுத்தால் சைலன்ட் மோடிலும் சத்தமாகவே அடிக்கும்.

ஃபோனை வைப்ரேஷன்ல போட்டு தலகாணிக்கு அடியில வச்சா போதாதா?

பஞ்சுத் தலையணைக்கு அடியில் வைத்தால் அதிர்வு உங்களுக்கே சரியாகத் தெரியாது. இரவில் ஃபோன் நழுவிக் கட்டிலின் மரச்சட்டத்தில் போய் ஒட்டிக்கொண்டால் கட்டில் முழுக்க "டர்ர்" என்று இரையும், அலாரமே தேவலை என்றாகிவிடும். இன்னொன்று, தலையணைக்கு அடியில் வைத்தபடியே சார்ஜ் போடாதீர்கள். சூடு வெளியேற வழியில்லாமல் தீப்பிடிக்கும் ஆபத்து நிஜமானது.

பேண்ட் கட்டிக்கொண்டு தூங்கப் பிடிக்காதவர்களுக்கு, காது கேளாதவர்களுக்கென்று செய்யும் அதிர்வு அலாரம் கிடைக்கிறது. வட்டமான ஒரு வில்லை, கடிகாரத்தோடு ஒயரில் இணைந்திருக்கும். மெத்தைக்கு அடியில் வைத்தால் இருவரையும் சேர்த்து உலுக்கும். உங்கள் தலையணை உறைக்குள் வைத்தால் உங்களோடு நிற்கும்.

ஒரு காதுல மட்டும் இயர்ஃபோன் மாட்டிட்டுப் படுத்தா?

பலர் மாட்டிக்கொள்ளும் பொறி இது. இயர்ஃபோன் இணைத்திருந்தாலும் ஐபோனில் அலாரம் ஃபோனின் ஸ்பீக்கரிலும் சேர்ந்தே அடிக்கும். பெரும்பாலான ஆண்ட்ராய்டு ஃபோன்களும் அப்படித்தான். அலாரத்தைத் தவறவிடக் கூடாது என்று வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். உங்கள் காதில் மெல்லிசை, அறை முழுக்க அலறல். தவிர, புரளும்போது பட் கழன்று போர்வைக்குள் போய்விடும், இருட்டில் அதைத் தேடுவதே ஒரு கலாட்டா.

ஃபோன் சைலன்ட்லதான் இருந்துச்சு, அலாரம் மட்டும் ஏன் கத்துது?

சைலன்ட் போட்டால் ரிங்டோன் மட்டுமே அடங்கும், அலாரம் அடங்காது. ஆண்ட்ராய்டு ஃபோனில் அலாரம் வால்யூமை செட்டிங்ஸில் தனியாகக் குறைக்கலாம். ஆண்ட்ராய்டின் கூகுள் கிளாக் செயலியில் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும்படியும் வைக்கலாம். கை நீட்டினால் எட்டும் இடத்தில் ஃபோன் இருந்தால், சத்தம் ஏறுவதற்குள் நிறுத்திவிட முடியும்.

அலாரம் அடிச்சா எனக்குக் கேக்கறதே இல்ல, அவருக்குத்தான் கேக்குது. அது எப்படி?

பஸ்ஸில் சிரிப்பை வரவழைக்கும் கேள்வி. ஆனால் காரணம் இருக்கிறது. நம் ஆழ்ந்த உறக்கத்தின் பெரும்பகுதி இரவின் முதல் மூன்றில் ஒரு பங்கிலேயே முடிந்துவிடும். விடியும் நேரத்தில் மிச்சமிருப்பது பெரும்பாலும் லேசான உறக்கமும் கனவு உறக்கமும்தான். பத்து மணிக்குத் தூங்கிய உங்கள் வீட்டுக்காரர் நாலரைக்கு லேசான உறக்கத்தில் இருப்பார், சின்னச் சத்தமும் எட்டிவிடும். பன்னிரண்டு மணி வரை ஃபோன் பார்த்துவிட்டுத் தூங்கிய நீங்கள் அதே நேரத்தில் அவரைவிட ஆழத்தில் கிடக்க வாய்ப்பு அதிகம். தூக்கக் கடன் அதிகமானால் எழுப்புவதற்கும் அதிகச் சத்தம் வேண்டும்.

இரண்டாவது காரணம் பழக்கம். தூங்கும்போதும் மூளை காதை மூடுவதில்லை, எது முக்கியம் என்று பார்த்துக்கொண்டே இருக்கும். நாலு வருடமாக ஒரே டோனைக் கேட்டு, கேட்டவுடன் அணைத்து அணைத்து, "இதற்கு எழ வேண்டியதில்லை" என்று உங்கள் மூளையைப் பழக்கிவிட்டீர்கள். அவருக்கு அந்தப் பழக்கம் இல்லை. லாரிச் சத்தத்துக்கு அசையாத தாய், குழந்தை முனகினால் எழுவதும் இதே கணக்கு. அதனால் டோனை அவ்வப்போது மாற்றுங்கள். அவருடைய ஃபோனின் ரிங்டோனையோ அலாரம் டோனையோ மட்டும் உங்கள் அலாரத்துக்கு வைத்துவிடாதீர்கள், அந்தச் சத்தத்துக்கு அவர் காது எப்போதும் தயாராக இருக்கும்.

ஸ்னூஸ் போட்டா என்ன தப்பு? பத்து நிமிஷம்தானே?

உங்களுக்குப் பத்து நிமிடம். பக்கத்தில் இருப்பவருக்கு அது இன்னொரு அலாரம். ஐபோனில் வழக்கமாக 9 நிமிடம், கூகுள் கிளாக்கில் 10 நிமிடம். 4:00 மணிக்கு வைத்து மூன்று முறை தள்ளினால் அரை மணி நேரத்தில் அவரை நான்கு முறை எழுப்பியிருப்பீர்கள். ஒரு முறை விழித்தவர் திரும்பத் தூங்கிவிடலாம். அடுத்தது எப்போது அடிக்குமோ என்று காத்துக்கொண்டு கிடப்பவர் தூங்க முடியாது. திட்டு வருவதும் அதற்குத்தான்.

உண்மையில் 4:30-க்குத்தான் எழுகிறீர்கள் என்றால் 4:30-க்கே அலாரம் வையுங்கள். அந்த அரை மணி நேரம் இருவருக்குமே நல்ல தூக்கமாக மிஞ்சும். இந்தப் பக்கத்தில் உள்ள எல்லாவற்றிலும் ஒன்றை மட்டும்தான் செய்வேன் என்றால், இதைச் செய்யுங்கள்.

அலாரமே இல்லாம தானா முழிப்பு வருமா? எங்க அப்பா அப்படித்தான் எழுந்திரிப்பாரு.

வரும். உடம்பு நேரத்தை எதிர்பார்க்கும் என்பதற்கு ஆய்வு உண்டு. 1999-இல் ஜெர்மனியின் லூபெக் பல்கலைக்கழகத்தில் யான் போர்ன் குழுவினர், தூங்கப் போகிறவர்களிடம் எழுப்பப்போகும் நேரத்தை முன்கூட்டியே சொல்லிவைத்தார்கள். 6 மணிக்கு எழுப்புவோம் என்று சொல்லப்பட்டவர்களுக்கு, அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்திலேயே விழிப்புக்குத் தயார்ப்படுத்தும் ஹார்மோன் ரத்தத்தில் ஏறத் தொடங்கிவிட்டது. 9 மணி என்று சொல்லிவிட்டு 6 மணிக்கே திடீரென்று எழுப்பியபோது அந்த ஏற்றம் இல்லை.

அப்பாவுக்கு நடந்ததும் அதுதான். தினமும் ஒரே நேரத்தில் படுக்கை, ஒரே நேரத்தில் விழிப்பு, ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து. வயது ஏற ஏறத் தானாகவே சீக்கிரம் விழிப்பு வரும் என்பதையும் சொல்ல வேண்டும். நமக்கு இது கைகூட, முதலில் தேவையான அளவு தூங்க வேண்டும். பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரம் என்பது மருத்துவர்கள் சொல்லும் அளவு. 4:30-க்கு எழ வேண்டுமென்றால் 9:30-க்குக் கண் மூடியிருக்க வேண்டும், சீரியலோ கிரிக்கெட்டோ அதற்குமேல் ஓடினால் அடுத்த நாள் காலையின் கணக்கில்தான் சேரும். சாயங்காலம் ஆறு மணி காபியும் இதைக் கெடுக்கும். குடித்த காஃபீனில் பாதி உடம்பைவிட்டுப் போகவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும்.

படுக்கும் முன் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தால் தானாக எழுந்துவிடலாம் என்று ஒரு வைத்தியம் சுற்றுகிறது. எழுவீர்கள், இரண்டு மணிக்கு.

எனக்கு ஷிஃப்ட் வாரா வாரம் மாறுது. இதெல்லாம் சரிப்படுமா?

முந்தைய பதிலில் சொன்னது உங்களுக்குச் சரிப்படாது. உடம்பு ஒரு நேரத்துக்குப் பழகும்போது அடுத்த வாரம் வந்துவிடும். பேண்ட், கீழே சொல்லப்போகும் மாற்று அலாரம், முதல் நாள் இரவு ஏற்பாடு, இந்த மூன்றையும்தான் நம்ப வேண்டும். ஷிஃப்ட் அட்டவணையை சமையலறைக் காலண்டரில் எழுதிவிடுங்கள். "இந்த வாரம் அவர் நாலரைக்கு எழுவார்" என்று முன்பே தெரிந்திருந்தால் துணையும் சீக்கிரம் படுப்பார்.

பேண்ட் அதிர்ந்தும் எழுந்திரிக்கலைன்னா? பஸ் போயிடுமே?

இந்தப் பயத்தில்தான் எல்லோரும் மூன்று அலாரம் வைக்கிறார்கள். அதற்குப் பதில், பேண்ட் 4:30-க்கு. படுக்கையறைக்கு வெளியே ஒரு பழைய டைம்பீஸ் அல்லது ஃபோன் 4:38-க்கு, முழுச் சத்தத்தில். பேண்ட் அதிர்ந்ததும் எழுந்து போய் அது அடிப்பதற்குள் நிறுத்துவதுதான் உங்கள் வேலை. எழவில்லை என்றால் வீடே எழும், அந்தப் பயமே பெரும்பாலான நாட்களில் ஆளைக் கிளப்பிவிடும்.

ஹாலில் மாமியாரோ அப்பாவோ படுத்திருந்தால் டைம்பீஸை சமையலறையிலோ குளியலறையிலோ வையுங்கள். பேண்டில் சார்ஜ் தீர்ந்துபோகும் நாளிலும் இது காப்பாற்றும்.

அலாரத்துக்கு அவ முழிக்கல. நான் எழுந்து கிளம்பறப்போதான் முழிச்சிடறா. எதனால?

என்னைக் கேட்டால் மொத்த விவகாரமும் இங்கேதான் இருக்கிறது. அலாரம் ஒரு சத்தம். அதற்குப் பிறகு அறைக்குள் நாம் போடும் சத்தம் இருபது. பீரோக் கைப்பிடி, பீரோக் கதவு, ஹேங்கர் கம்பியில் உரசுவது, பெல்ட் பக்கிள், சில்லறை, சாவிக்கொத்து, பையின் ஜிப், கதவுத் தாழ்ப்பாள். இவற்றுக்கெல்லாம் மேல் அந்த பிளாஸ்டிக் கவர். இஸ்திரிக் கடையிலிருந்து வந்த சட்டையை இருட்டில் கவரிலிருந்து உருவும் சரசரப்புக்கு எழாதவர் யாருமில்லை. மெதுவாக எடுத்தால் சத்தம் வராது என்று நினைத்து அதை ஒரு நிமிடத்துக்கு இழுப்பது இன்னும் மோசம்.

தீர்வு முதல் நாள் இரவில் இருக்கிறது. சட்டை, பேன்ட், உள்ளாடை, சாக்ஸ், அடையாள அட்டை, பர்ஸ், சாவி, சார்ஜர் எல்லாம் ஹாலில் ஒரு நாற்காலியில். காலையில் எழுந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய்விட வேண்டும், திரும்ப அறைக்குள் வரவே தேவை இருக்கக் கூடாது. எதையாவது மறந்துவிட்டால், உயிர் போகிற பொருளாக இல்லாதவரை, அது இல்லாமலே போய்விடுங்கள். கொலுசு, கண்ணாடி வளையல் போடுகிறவர்கள் இரவே கழற்றிவைப்பது உத்தமம்.

கதவுக் கீலுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். சமையல் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துத் தூசி பிடிக்கும், தையல் மெஷினுக்கு ஊற்றும் எண்ணெய் நல்லது. தாழ்ப்பாளை உள்ளே போடாமல், கதவைச் சாத்தி ஒரு துணியைச் செருகிவைத்தால் காலையில் தள்ளினால் போதும்.

கட்டில்ல நான் புரண்டாலே அவருக்குத் தெரியுது. எழுந்தா கேக்கவே வேணாம். மெத்தையை மாத்தணுமா?

முதலில் கட்டிலைப் பாருங்கள். கிறீச்சிடுவது பெரும்பாலும் மெத்தை அல்ல, கட்டிலின் போல்ட்டுகள். ஒரு ஸ்பேனரால் இறுக்கி, பலகை சட்டத்தில் உட்காரும் இடங்களில் பழைய துணியையோ ரப்பரையோ வைத்தாலே பாதி சரியாகும். கட்டில் சுவரில் முட்டுகிறதா என்றும் பாருங்கள்.

மெத்தை என்று வந்தால், எல்லா ஸ்பிரிங்கும் ஒன்றோடொன்று கம்பியால் பின்னிய பழைய வகைதான் மோசம், ஒரு மூலையில் உட்கார்ந்தால் மறு மூலை எழும்பும். ஒவ்வொரு ஸ்பிரிங்கும் தனித்தனிப் பையில் இருக்கும் பாக்கெட் ஸ்பிரிங், மெமரி ஃபோம், லேடெக்ஸ் இவை அசைவைக் கடத்துவது குறைவு. செலவு செய்ய மனமில்லை என்றால் ஒரு பெரிய மெத்தைக்குப் பதில் இரண்டு ஒற்றை மெத்தைகளை அருகருகே போடுங்கள். போர்வையும் ஆளுக்கு ஒன்று. ஜெர்மனியிலும் ஸ்வீடன், நார்வே பக்கமும் தம்பதிகள் இப்படித் தனித்தனிப் போர்வை வைத்துக்கொள்வது சர்வசாதாரணம். தரையில் ஆளுக்கொரு பாய் போட்டுப் படுக்கிறவர்களுக்கு இந்தப் பிரச்சினையே கிடையாது.

சீக்கிரம் எழுபவர் கதவுப் பக்கம் படுக்க வேண்டும். சுவர்ப் பக்கம் படுத்துவிட்டு, காலையில் ஆளைத் தாண்டிக் குதிக்கும் வீடுகள் எனக்குத் தெரியும்.

லைட் போடாம எப்படிங்க நடக்கறது? இருட்டுல கால்ல இடிச்சுக்கறேன்.

தலைக்கு மேலே எரியும் விளக்கு வேண்டாம், அவ்வளவுதான். மூடிய இமை வழியாகவும் வெளிச்சம் உள்ளே போகும், விடிந்துவிட்டது என்று மூளை நினைத்தால் அவர் திரும்பத் தூங்குவது கஷ்டம். கணுக்கால் உயரத்தில் பிளக்கில் மாட்டும் சின்ன விளக்கு, ஆள் நடந்தால் மட்டும் எரியும் சென்சார் வகை, நல்லது. மஞ்சளாகவோ சிவப்பாகவோ இருக்கட்டும், வெள்ளையோ நீலமோ வேண்டாம். பழைய சிவப்பு ஜீரோ வாட் பல்பும் போதும்.

ஃபோன் டார்ச் என்றால் தரையைப் பார்த்து, விரலால் பாதி மூடி. குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திய பிறகு ஸ்விட்ச் போடுங்கள். ஸ்விட்ச் வெளியே இருந்தால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். உள்ளே ஒரு பேட்டரி விளக்கு ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

வெளிச்சத்தால் எழுப்பும் அலாரம் விளக்கு விற்கிறார்கள். தனியாகப் படுப்பவருக்கு அருமையான பொருள். இரண்டு பேர் இருக்கும் அறையில், துணை கண்மறைப்பு கட்டிக்கொண்டு தூங்கினால் ஒழிய, அது இரண்டு பேரையும் எழுப்பும்.

பாத்ரூம் பெட்ரூமுக்குள்ளயே இருக்கு. தண்ணி சத்தத்துக்கு என்ன பண்றது?

வாளியை இரவே நிரப்பிவைத்துவிடுங்கள். காலி பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் விழும் சத்தம்தான் பெரிது, பாதி நிரம்பியதும் அடங்கிவிடும். ஹீட்டர் தண்ணீர் வேண்டும் என்றால் குழாய் வாயில் ஒரு துணியைக் கட்டி வாளிக்குள் தொங்கவிடுங்கள், தண்ணீர் துணி வழியாகச் சத்தமில்லாமல் இறங்கும். மக்கைத் தரையில் வைக்காமல் வாளியிலேயே மிதக்கவிடுங்கள்.

வீட்டில் இன்னொரு குளியலறை இருந்தால், பிரஷ்ஷையும் துண்டையும் இரவே அங்கே மாற்றிவிடுவது இதையெல்லாம்விட எளிது.

சமைக்கணுமே. மிக்ஸி, குக்கர் எல்லாம் எப்படிச் சத்தமில்லாம?

மிக்ஸிக்கு வழியே இல்லை. அடியில் தடித்த துண்டை மடித்து வைக்கிறார்கள். மோட்டாருக்குக் காற்று போகும் துளைகள் கீழேதான் இருக்கும், துணி அதை அடைத்தால் மோட்டார் சூடாகும். மெல்லிய ரப்பர் ஷீட் வைத்தால் மேடை அதிர்வது குறையும், அரைக்கும் சத்தம் குறையாது. சட்னியை இரவே அரைத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, தாளிப்பதை மட்டும் காலையில் செய்யலாம். தேங்காய்ச் சட்னி வேண்டாம் என்றால் பொடி, எண்ணெய்.

குக்கர் விசில் பற்றிப் பலருக்குத் தெரியாத ஒன்று: விசில் வந்தால்தான் வேகும் என்றில்லை. ஆவி நன்றாகச் சீறத் தொடங்கியதும், முதல் விசிலுக்கு முன்பே, அடுப்பை சிம்மில் வைத்துவிட்டால் உள்ளே அழுத்தம் அப்படியே நிற்கும், விசில் அடிக்காமலே சாதம் வெந்துவிடும். நேரம் மட்டும் கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கு வைக்க வேண்டும். இட்லிக்கு விசில் கவலையே இல்லை. டிகாக்ஷனை இரவே ஃபில்டரில் போட்டுவிட்டால் காலையில் பால் மட்டும்தான். லைட்டரின் டக் டக் கேட்கும் தூரத்தில் அறை இருந்தால் தீப்பெட்டி. பாத்திரங்களைத் தேவைப்படும் வரிசையில் மேடையில் எடுத்துவைத்துவிட்டுப் படுங்கள். எவர்சில்வர் அடுக்கிலிருந்து அடிப்பாத்திரத்தை உருவும் சத்தத்துக்கு மிக்ஸியே பரவாயில்லை.

ஃபேன் ஓடினா சத்தம் கேக்காதுன்னு சொல்றாங்க. நிஜமா?

நிஜம். தூங்குபவரை எழுப்புவது சத்தத்தின் அளவு மட்டுமல்ல, அமைதியிலிருந்து அது எவ்வளவு திடீரென்று எழும்புகிறது என்பதும்தான். உலக சுகாதார நிறுவனம் 1999-இல் கொடுத்த வழிகாட்டலில் படுக்கையறையில் தொடர்ச்சியான சத்தம் 30 டெசிபல், தனித்தனியாக எழும் சத்தம் 45 டெசிபல் தாண்டாமல் இருப்பது நல்லது என்றார்கள். ஃபேன் ஒரே சீராக இரைந்துகொண்டே இருந்தால் அதற்குள் உங்கள் காலடிச் சத்தம் அமுங்கிவிடும். சத்தமே இல்லாத புது ஏசி அறையில் ஒரு ஸ்பூன் விழுந்தாலும் இடிபோலக் கேட்கும். அதனால் நீங்கள் எழுந்து போகும்போது "இனி எதற்கு" என்று ஃபேனைக் குறைக்காதீர்கள். கரண்ட் போய் ஃபேன் நின்றதும் தெருவே விழித்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்களே.

கொசுவலையை எப்படித் தூக்கறது?

உங்கள் பக்கத்து ஓரத்தை மட்டும் மெத்தைக்கு அடியில் செருகாமல், மெத்தைமேல் படியும்படி மடித்துவையுங்கள். வெளியே வந்ததும் செருகிவிடுங்கள். ஒரு கொசு உள்ளே போனால் மற்ற எல்லா ஏற்பாடும் வீண்.

குழந்தை நடுவுல படுத்திருக்கு. நான் எழுந்தாலே அழுதுடுது.

முழு வெற்றி இதில் யாருக்கும் கிடைத்ததாக எனக்குத் தெரியவில்லை. எழுவதற்குக் கொஞ்ச நேரம் முன்பே உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கிக்கொண்டால் சில குழந்தைகள் பொறுத்துக்கொள்ளும். ஒரு வயதுக்குக் கீழ் என்றால் உங்கள் இடத்தில் தலையணையையோ சுருட்டிய போர்வையையோ வைத்துவிட்டுப் போகாதீர்கள், மூச்சடைக்கும் ஆபத்து உண்டு. கட்டிலில் இருந்து உருளவும் செய்யும். ஷிஃப்ட் வாரத்தில், குழந்தையின் ஒரு பக்கம் அதோடு எழுந்திருக்கப் போகிறவரும் மறுபக்கம் தொட்டிலும் என்று இடத்தை மாற்றிப் பார்க்கலாம்.

அவங்களுக்கு நைட் ட்யூட்டி. நான் எழுந்திரிக்கற நேரத்துலதான் வந்து படுக்கறாங்க. எனக்கு வேற கணக்கா?

ஆமாம், தலைகீழ்க் கணக்கு. ஆழ்ந்த உறக்கம் முதல் பகுதியில் வரும் என்று மேலே சொன்னேன் அல்லவா? ஆஸ்பத்திரியிலிருந்தோ கால் சென்டரிலிருந்தோ வந்து படுத்தவருக்கு முதல் இருபது முப்பது நிமிடம்தான் மிகவும் இளகிய நேரம். அந்த நேரத்தில் அறைப்பக்கமே போகாதீர்கள். அவர் ஆழத்துக்குப் போன பிறகு நீங்கள் சத்தமான வேலையைச் செய்தால் பெரும்பாலும் தாங்கும்.

அவருக்குப் பெரிய எதிரி வெளிச்சம். சென்னையில் மே கடைசியில் ஐந்தே முக்காலுக்குள் சூரியன் வந்துவிடும், ஜனவரியில் ஆறரை தாண்டும். கனமான திரைச்சீலையில் போடும் பணம் வீண்போகாது. காலிங் பெல்லையும் அணைத்துவையுங்கள், கூரியர்காரருக்கு உங்கள் நம்பரைக் கொடுத்துவிட்டு.

ஷிஃப்ட் வாரத்துல மட்டும் தனியா ஹால்ல படுத்துக்கலாமா? வீட்டுல தப்பா நினைப்பாங்களே?

தாராளமாகப் படுக்கலாம். துணையிடம் முதலில் சொல்லுங்கள், காரணத்தோடு. சொல்லாமல் தலையணையைத் தூக்கிக்கொண்டு போனால்தான் அது வேறு மாதிரி அர்த்தமாகும். பெரியவர்கள் கேட்டால் "காலைல பஸ்ஸு" என்பதே போதுமான பதில்.

ராத்திரி எட்டு மணி நேரம் தூங்கறேன். மூணு அலாரத்துக்கும் எழ முடியல. பகல்லயும் தூக்கம் வருது.

எழுந்தவுடன் கால் மணி, அரை மணி நேரம் மந்தமாக இருப்பது எல்லோருக்கும் உள்ளது. நீங்கள் சொல்வது அது இல்லை. பலமான குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறி விழிப்பது, காலையில் தலைவலி, பஸ்ஸிலும் மீட்டிங்கிலும் கண் சொருகுவது, இவை இருந்தால் தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயாக இருக்கலாம். காது மூக்கு தொண்டை மருத்துவரையோ நுரையீரல் மருத்துவரையோ பாருங்கள். மூச்சு நிற்பது உங்களுக்குத் தெரியாது, பக்கத்தில் படுப்பவரைக் கேளுங்கள். வண்டி ஓட்டுபவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

எல்லாம் பார்த்துப் பார்த்து செஞ்சும் முழிச்சிட்டாங்க. அப்ப என்ன செய்யறது?

பேசாதீர்கள். "தூங்கு தூங்கு, நான் கிளம்பிட்டேன்" என்று சொல்வதுதான் தூக்கத்தை முழுதாகக் கலைக்கும். "மணி என்ன?" என்று கேட்டாலும் நேரத்தைச் சொல்லாதீர்கள், "இன்னும் விடியல" என்பதோடு நிறுத்துங்கள். மணி தெரிந்துவிட்டால் இன்னும் எவ்வளவு நேரம் தூங்கலாம் என்று கணக்குப் போடத் தொடங்கிவிடுவார். விளக்கில்லாமல், பேச்சில்லாமல் விட்டால் பத்து நிமிடத்தில் திரும்பத் தூங்கிவிட வாய்ப்பு அதிகம், மறுநாள் விழித்ததே நினைவிருக்காது.

நான்தான் நாலரைக்கு எழுந்து அவருக்கும் சேர்த்து சமைக்கறேன். அவர் தூங்கறதுக்காக நான் ஏன் பூனை மாதிரி நடக்கணும்?

நியாயமான கேள்வி. பஸ்ஸில் இதை யாரும் கேட்கவில்லை, தெருவில் மூன்று பேர் கேட்டார்கள். மேலே சொன்னவற்றை ஒருமுறை பாருங்கள்: சட்னி அரைப்பது, வாளி நிரப்புவது, டிகாக்ஷன் போடுவது, பாத்திரம் எடுத்துவைப்பது, துணியை ஹாலில் வைப்பது, கீலுக்கு எண்ணெய். எல்லாமே இரவு வேலை. காலைத் தூக்கம் யாருக்குக் கிடைக்கிறதோ அவர் இரவு அரை மணி நேரம் கூடுதலாக விழித்திருந்து இவற்றைச் செய்யட்டும், நீங்கள் ஒன்பதரைக்குப் படுங்கள். இந்த ஏற்பாட்டுக்கு ஒத்துக்கொண்ட வீடுகளில் காலை நேரம் நிஜமாகவே அமைதியாகிவிட்டது.

ஒத்துக்கொள்ளாவிட்டால் சட்னியைக் காலையிலேயே அரையுங்கள்.